ஏழு நாள் பேசாமல் இருந்தவர்கள்



இன்று ஜனவரி 14. கோயில் முற்றத்தில் பொங்கல் பானை ஏறுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் காற்றாடிமலைக்குப் போய்வருவோம். 1752-இல் இதே நாளில், ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் அந்த மலையில்தான் தேவசகாயத்தைச் சுட்டுக் கொன்றார்கள். நம்மில் பலர் அங்கே போயிருக்கிறோம். மணியடிச்சான் பாறையைக் கல்லால் தட்டி, மணிபோல ஒலிக்கிறதைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறோம். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தபோது டிவி முன்னால் கண் கலங்கியவர்கள் இங்கேயே இருக்கிறீர்கள். அவருடைய சாவைப் பற்றி நிறையக் கேட்டாயிற்று. நான் இன்று சொல்ல நினைப்பது, அதற்குப் பல வருடம் முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்து பேசிய ஒரு பேச்சைப் பற்றி.

நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டன், அதாவது பின்னாளில் தேவசகாயம் ஆனவர், திருவிதாங்கூர் அரசில் பொறுப்பான பதவியில் இருந்தவர். ஒரு சமயம் அவருக்கு அடிமேல் அடி விழுந்தது. மாடுகள் செத்தன, விளைச்சல் போயிற்று. முகம் வாடித் திரிந்தவரிடம் என்ன விஷயம் என்று விசாரித்தவர் டிலனாய்.

அவர் யார் என்பது நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். டச்சுக் கம்பெனியின் படைத்தலைவர். 1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றுப் பிடிபட்டவர். பிறகு தன்னைத் தோற்கடித்த அரசருக்கே படை பழக்கிக் கொடுத்தார். பிறந்த மண்ணுக்குத் திரும்பவே இல்லை. 1777-இல் இறந்தபோது உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கம் செய்தார்கள். கல்லறை இன்றும் இருக்கிறது. கோட்டைக்குப் போகிறவர்கள் மானைப் பார்த்துவிட்டு அதைப் பார்க்காமல் வந்துவிடுகிறார்கள்.

அந்த டிலனாய்தான் நீலகண்டனுக்கு விவிலியத்தில் வரும் யோபின் கதையைச் சொன்னார் என்று நம் மரபு சொல்கிறது. போரில் ஜெயித்தவர் யாராவது அதே கதையைச் சொல்லியிருந்தால் நீலகண்டன் காதில் ஏறியிருக்குமா என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. சொன்னவர் தோற்றவர். ஊரையும் உறவையும் விட்டு, பிடிபட்டு, அந்நியர் நடுவே வாழ்ந்தவர். அவர் பட்ட அடிதான் அந்தக் கதைக்கு வாய் கொடுத்தது.

யோபின் கதையை நாம் பாதியோடு நிறுத்திவிடுகிறோம். எல்லாம் போயிற்று, பொறுமையாக இருந்தார், எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பியது என்று முடித்துவிடுகிறோம். சில ஜெபக் கூட்டங்களில் அந்த 'இரட்டிப்பு' என்ற சொல்லை வட்டிக் கணக்குப்போல அறிவிக்கிறார்கள். நூலை ஊன்றிப் பாருங்கள். ஆடு 7,000 இருந்தது 14,000 ஆயிற்று, ஒட்டகம் 3,000 இருந்தது 6,000 ஆயிற்று. பிள்ளைகள் மட்டும் முன்போலவே ஏழு மகன், மூன்று மகள். செத்துப்போன பத்துப் பேர் திரும்பி வரவில்லை. அவருக்குப் புதிதாகப் பிறந்த ஒவ்வொரு குழந்தையின் முகத்திலும் பழைய முகம் ஒன்று தெரிந்திருக்காதா? பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாக்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஏன் எனக்கு இப்படி என்று யோபு கேட்டுக்கொண்டே இருந்தார். சூறாவளியின் நடுவிலிருந்து ஆண்டவர் பேசினார். ஆனால் காரணம் சொல்லவில்லை. விண்மீனையும் கடலையும் காட்டுக் கழுதையையும் பற்றிக் கேட்டார். பதில் கிடைக்காவிட்டாலும், இவ்வளவு நாள் வானத்தைப் பார்த்துக் கத்தியது வீண் இல்லை, ஆண்டவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார் என்று யோபுக்குத் தெரிந்தது. அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

யோபைப் பார்க்க வந்த நண்பர்கள் மூன்று பேரும் முதலில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஏழு பகல், ஏழு இரவு, அவரோடு தரையில் உட்கார்ந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு வாயைத் திறந்ததும் எல்லாம் கெட்டது. நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று ஆரம்பித்து, அத்தியாயம் அத்தியாயமாகப் போதித்தார்கள். கடைசியில் ஆண்டவர் கோபப்பட்டது அவர்கள்மேல்தான். யோபு எவ்வளவோ கத்தியும் அவர்மேல் அந்தக் கோபம் இல்லை.

அந்த மூவரின் வரிசையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது, கடலுக்குப் போனவர் திரும்பாத ஒரு வீட்டுக்குப் போனேன். உடலும் கிடைக்கவில்லை. என்ன சொல்வது என்று தெரியாத பதற்றத்தில், இறைவனுடைய திட்டம் நமக்குப் புரியாது என்று தொடங்கினேன். அந்த வீட்டுப் பாட்டி என் கையைப் பிடித்து, "திட்டம் இருக்கட்டும் சாமி. கொஞ்ச நேரம் இருந்திட்டுப் போங்க" என்றார்கள். குருமடத்தில் படித்த இறையியல் எல்லாம் அந்தத் திண்ணையில் கரைந்துபோனது. உட்கார்ந்தேன். கட்டங்காப்பி வந்தது, ஆறியது. யாரும் பேசவில்லை.

நம் ஆண்டவரும் கெத்சமனியில் இதைத்தானே கேட்டார்? மூன்று சீடர்களைத் தனியே கூட்டிக்கொண்டு போய், என்னோடு விழித்திருங்கள் என்றார். அவர்கள் தூங்கிவிட்டார்கள். கடவுளின் மகனுக்கே அன்றிரவு பக்கத்தில் ஆள் வேண்டியிருந்தது. நமக்கு வேண்டாமா?

நீலகண்டன் 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். செத்த மாடு எழுந்து வரவில்லை. இருந்த பதவியும் போயிற்று. 1749-இல் கைது செய்தார்கள். எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், அடித்த புண்ணில் மிளகாய்ப்பொடி தேய்த்தார்கள். விசுவசித்தால் கஷ்டம் தீரும் என்று யாராவது உங்களிடம் விலைபேசினால், காற்றாடிமலை எந்தப் பக்கம் என்று கேளுங்கள்.

பெருவிளையில் அவரை ஒரு வேப்பமரத்தில் கட்டிவைத்திருந்தார்கள். பாதிரியாராகவும் இல்லாத, பதவியும் இல்லாத அந்த மனிதரிடம் சனங்கள் தங்கள் கஷ்டத்தைச் சொல்ல வந்தார்களாம். மரண தண்டனை நிறைவேற்றுகிற, பிள்ளை இல்லாத ஒருவரின் வீட்டுக்காகவும் அவர் ஜெபித்தார், அந்த வீட்டில் தொட்டில் கட்டினார்கள் என்று நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். யோபின் நிலைமை மாறியதும், தன்னைக் குத்திப் பேசிய நண்பர்களுக்காக அவர் மன்றாடிய பிறகுதான் என்று நூல் சொல்கிறது. டிலனாயிடமிருந்து கேட்ட கதையைத் தேவசகாயம் மறக்கவில்லை போலும். மரத்தில் கட்டுண்டு நின்றபோதும் அவருக்குச் செய்ய ஒரு வேலை இருந்தது.

பானைக்கு நேரமாயிற்று, முடித்துக்கொள்கிறேன். கீழத்தெருவில் போன மாதம் சாவு நடந்த வீட்டில் இந்த வருடம் பொங்கல் வைக்கமாட்டார்கள். நாலு மணிக்கு அங்கே போகிறேன். கூட வருகிறவர்கள் கோயில் வாசலில் நில்லுங்கள். வீட்டில் இருக்கிற ஏதாவது ஒரு தூக்குச்சட்டியில் கொண்டுவாருங்கள். என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு வர வேண்டாம். பாய் மட்டும் இரண்டு கூடுதலாக எடுத்துக்கொள்வோம், அந்தத் திண்ணை சின்னது.