பொன்னும் களிம்பும்

1898-ஆம் ஆண்டில், தஞ்சை ஜில்லாவின் எல்லைக்கு அதிகத் தொலைவில்லாத, புதுக்கோட்டை சமஸ்தானத்துக் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் பூமியிலிருந்து வெளிப்பட்டன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான சக்கரவர்த்திகளின் முகங்களைத் தாங்கிய அவற்றுள் பெரும்பாலானவற்றில், அந்த முகத்தின்மீதே ஆழமாக ஓர் உளிவெட்டு விழுந்திருந்தது. உள்ளே பொன்தானா, மேலே பூசிய பூச்சா என்று சோதித்த அடையாளம் அது என்பார் சிலர். செலாவணியிலிருந்து விலக்கி வெறும் பொன்னாக ஆக்குதற்பொருட்டு வெட்டியது என்பார் வேறு சிலர். சோதனைதான் நோக்கமென்றால் விளிம்பில் ஒரு கீறல் போதாதோ? திபேரியஸின் காசில் அவன் தெய்வமாகிவிட்ட அகஸ்டஸின் மைந்தன் என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. இயேசுநாதரிடம் வரி விஷயமாக வாது செய்ய வந்தவர்கள் எடுத்துக் காட்டிய வெள்ளிக்காசும் இதே வகையைச் சேர்ந்ததென்பது நாணயவியலார் பலரின் துணிபு. அங்கே, இந்த உருவம் யாருடையது என்ற வினாவுக்குள்ளேயே விடையும் அடங்கியிருந்தது. இங்கேயோ வினாவுக்கே இடமில்லாதபடி உளி செய்துவிட்டது.

சாந்தோக்ய உபநிஷத்தில் உத்தாலகர் தம் மகன் ச்வேதகேதுவுக்கு உபதேசிக்கையில், ஒரு பொற்கட்டியை அறிந்தால் பொன்னாலாகிய அனைத்தும் அறியப்பட்டனவாகும், வேறுபாடுகள் நாமமாத்திரமே என்றொரு திருஷ்டாந்தம் கூறுகிறார். அத்வைதிகளுக்கு மிக உவப்பான இந்த உண்மையை நம் ஊர்ப் பத்தர் தம் மூசையில் நாள்தோறும் நிரூபித்துக்கொண்டிருக்கிறார். பாட்டியின் காசுமாலையும் பேத்தியின் வளையலும் அங்கே ஒன்றே. கருக்காக்குறிச்சிக் காசை வெட்டியவனும், சாஸ்திரம் படித்தானோ இல்லையோ, அந்தக் கட்சியைச் சேர்ந்தவன்தான் என்று எண்ணத் தோன்றுகிறது. ஆயினும் ஓர் ஐயம் எழுகிறது. உருவம் வெறும் நாமமென்றால், அதைத் தேடிப் பார்த்து, கழுத்தையும் கன்னத்தையும் குறிவைத்து வெட்டுவானேன்? ஒன்றுமில்லாததை எவனும் பகைப்பதில்லை.

பொன்னை விட்டுச் செம்புக்கு வந்தால் கட்சியே மாறிவிடுகிறது. கரூரைக் கடந்து திருமுக்கூடலூரில் காவேரியோடு கலக்கும் அமராவதியின் மணலில், கி.பி. 4, 5-ஆம் நூற்றாண்டுகளின் சிறு ரோமானியச் செப்புக்காசுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன; அவற்றையும், அவற்றுக்கு முற்பட்ட ரோட்ஸ், கிரீட், தெசலி முதலிய கிரேக்க நாட்டுக் காசுகளையும் ஆராய்ந்து வெளியிட்டவர் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. உருக்கினால் ஒரு குண்டூசிக்கும் பெறாத இந்தக் காசுகளில் உலோகம் ஏறக்குறைய சூனியம். மதிப்பு முழுவதும் நாமத்திலும் ரூபத்திலும்தான் இருக்கிறது. ஆகவே காசு சேர்ப்பவன், தான் அறியாமலே, உத்தாலகருக்கு எதிர்வழக்காடுகிறான். ரோமாபுரியின் கீழ்த்திசை நகரங்கள் தத்தம் பெயரால் கிரேக்க எழுத்தில் அடித்துக்கொண்ட மாகாணக் காசுகளில் இவ்வழக்கு இன்னும் வலுப்பெறுகிறது; ஏனெனில் தலைப்பக்கத்தில் எங்கும் பொதுவான சக்கரவர்த்தி இருந்தாலும், மறுபக்கத்தில் எபேசுவுக்கு ஆர்ட்டெமிஸ், அலெக்ஸாந்திரியாவுக்கு ஸெராபிஸ் என்று அந்தந்த ஊரின் தெய்வமே எழுந்தருளியிருக்கிறது. அலெக்ஸாந்திரியக் காசுகள் சிலவற்றில் நைல் நதித் தெய்வம் சாய்ந்தமர்ந்திருக்க, 16 என்ற எண் கிரேக்க எழுத்தால் குறிக்கப்பட்டிருக்கும். வெள்ளம் 16 முழம் உயர்ந்தால் அவ்வாண்டு விளைச்சலுக்குக் குறைவில்லை என்பது அதன் பொருள். மேட்டூரில் எத்தனை அடி என்று பத்திரிகையில் பார்த்துவிட்டே காப்பி குடிக்கும் நம் மிராசுதாரர்களுக்கு, ஒரு நதியின் மட்டம் ஏன் காசில் ஏறிற்று என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

திருவாவடுதுறையும் தருமபுரமும் போற்றி வளர்த்த சைவ சித்தாந்தம் ஆன்மாவுக்குச் சொல்லும் திருஷ்டாந்தமோ பொன் அன்று, செம்பு. செம்பிற் களிம்புபோல ஆணவமலம் உயிரோடு அநாதியாகவே கலந்து நிற்கிறது. இடையில் ஒருநாள் வந்து ஒட்டிய அழுக்கு அன்று அது. பழங்காசைக் கையாண்டவர்களுக்கு இந்த உவமையின் நுட்பம் விசேஷமாகப் புலப்படும். ஆற்றிலிருந்து வந்த காசில் பச்சைக் களிம்பு படிந்திருப்பதைக் கண்டு, அமிலத்தில் தோய்த்துப் பளபளக்கச் செய்யும் அவசரக்காரன் களிம்போடு எழுத்தையும் இழக்கிறான். ஏனெனில் மேற்பரப்பின் செம்பே களிம்பாக மாறி, அரசன் மூக்கும் நகரத்தின் பெயரும் பல சமயங்களில் அந்தப் படிவத்திலேயே தங்கியிருக்கின்றன. அறிந்தவன் வாலைநீரில் மாதக்கணக்கில் ஊறவிட்டு, மேலே ஒட்டிய மண்ணைமட்டும் முள்முனையால் நெகிழ்த்துவான். மலபரிபாகம் வருமுன் சுரண்டலாகாது என்று சித்தாந்திகள் சொல்வதன் நியாயம் எனக்கு ஏட்டில் விளங்கியதைவிடக் காசில்தான் நன்றாக விளங்கிற்று. ஆனால் உவமை இதற்கு மேல் செல்லாது. சித்தாந்தி வேண்டுவது களிம்பு நீங்கிய செம்பை, காசு சேர்ப்பவன் வேண்டுவது களிம்போடு கூடிய செம்பை.

முற்றும் தேய்ந்து இருபுறமும் வழுவழுத்த காசுகளும் உண்டு. அவற்றுக்கு எஞ்சியிருக்கும் ஒரே விசேஷம் கிடைத்த இடம். மணல் சலிப்பவரிடம் மொத்தமாக வாங்கி, கரூர்க் காசையும் மதுரைக் காசையும் ஒரே பையில் கொட்டிக் குலுக்கும் வியாபாரி அந்த விசேஷத்தையும் போக்கிவிடுகிறான். இது உளிவெட்டைவிடக் கொடிய செயல் என்பது என் எண்ணம். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், கண்டெடுத்தவன் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டியவற்றுள் பொருளின் தன்மையோடு அது கிடைத்த இடத்தையும் நாளையும் சேர்த்துக் கேட்கிறது. பொக்கிஷத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று கணக்குப் பார்ப்பதற்காக இயற்றப்பட்ட அந்தச் சட்டத்தில் இந்த ஒரு வாசகமாவது மதிக்கப்பட்டிருந்தால், நம் அருங்காட்சியகங்களில் ஊர் தெரியாத காசுகள் இத்தனை இரா.