இரு தட்டிலும் நிறுத்துப் பார்

ஆய்வகத்துப் பிசிகல் பேலன்ஸ் தராசில் பொருளை வைக்குமுன், வெறுந்தட்டோடு தண்டை விடுவித்து முள் எங்கே ஓய்கிறது என்று பார்க்க வேண்டும். முள் நடுவில் ஓய்ந்ததும், தராசு சரியாக இருக்கிறதென்று மாணவர்கள் நிம்மதியடைவார்கள். அங்கேதான் நான் குறுக்கிடுவேன்.

வெறுந்தட்டில் நேராக நிற்பது பெரிய காரியமல்ல. தண்டைத் தாங்கும் அகேட் கல் கத்திமுனையிலிருந்து ஒரு புயம் மற்றதைவிட மயிரிழை நீளமாக இருந்தாலும், தண்டின் நுனியிலுள்ள திருகைத் திருகி முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். கோணல் ஒளிந்துகொள்ளும். சுமை ஏறினால்தான் வெளிப்படும். சுமை கூடக்கூடப் பிழையும் கூடும்.

இதற்குக் கணித மேதை காஸ் பெயரில் ஒரு வழி உண்டு. பொருளை இடத்தட்டில் ஒருமுறை, வலத்தட்டில் ஒருமுறை நிறுக்க வேண்டும். ஒன்றில் 40.010 கிராம், மற்றதில் 39.990 கிராம் வந்தால், இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 40.000. புயங்களின் நீளம் தெரியவே வேண்டாம். பிரெஞ்சுக்காரர் போர்தாவின் முறை இன்னும் எளிது: பொருளுக்கு எதிரே மணலைக் கொட்டிச் சமன்செய்துவிட்டு, பொருளை எடுத்து, அதே தட்டில் எடைக்கற்களை வைப்பது. கோணல் இரண்டுக்கும் பொதுவாகிவிடுகிறது.

தராசு என்றதும் எனக்குக் குர்ஆனும் நினைவுக்கு வரும். அதன் 83ஆம் அத்தியாயம், தனக்கு வாங்கும்போது நிறைவாக அளந்து பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களைக் கண்டித்துத் தொடங்குகிறது. மளிகைக்கடை வைத்திருந்த வாப்பா அதைக் கடைத்தராசுக்கான எச்சரிக்கையாகவே எங்களுக்குச் சொன்னார். எனக்கு அது மனசையும் பற்றியது. பக்கத்து வீட்டுப் பையன் விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்கு எழவில்லையென்றால் சோம்பேறி. நம் பையன் எழவில்லையென்றால் பாவம், ராத்திரி வெகுநேரம் படித்தான். ஒரே செயல், இரண்டு எடை.

மறுமையின் மீஸான் தராசில் கடுகளவும் தப்பாது. மனிதனுக்கு அப்படியொரு மனம் தரப்படவில்லை. பிறகு ஏன் நீதியாக நடக்கச் சொல்லி அவனுக்குக் கட்டளை? ஆய்வகத்தில் நின்றுதான் இதற்கு எனக்கு விடை கிடைத்தது. கோணலில்லாத மனம் வேண்டுமென்று அவனிடம் கேட்கப்படவில்லை. பக்கத்து வீட்டுப் பையனை நிறுத்த அதே தட்டில் தன் பையனையும் வைக்கச் சொல்லித்தான் கேட்கப்படுகிறது. அது எவருக்கும் முடியும். மனம் சாய்வானது என்பது சாக்காகாது.

இரண்டு நிபந்தனைகள் மட்டும் உண்டு. இரண்டு நிறுவைக்கும் நடுவில் திருகைத் தொடக்கூடாது. காற்று அசைக்காமலிருக்கக் கண்ணாடிக் கதவைச் சாத்த வேண்டும். கோபமாக இருக்கும்போது நீதிபதி இருவருக்கிடையே தீர்ப்புச் சொல்லக்கூடாது என்ற நபிமொழியை நான் இதோடு சேர்த்தே படிக்கிறேன்.