ஈரக் காடு

கழற்றி மடக்கி வைக்கக்கூடிய ஒரு விமானம் ஜப்பான் கடற்படையிடம் இருந்தது, தெரியுமா உங்களுக்கு? யோகோசுகா ஈ-14-ஒய் என்று பெயர். அமெரிக்கர்கள் அதற்கு வைத்த சங்கேதப் பெயர் 'க்ளென்'. இறக்கைகளையும், சக்கரத்துக்குப் பதிலாக இருக்கும் இரண்டு மிதவைகளையும் கழற்றி, நீர்மூழ்கிக் கப்பலின் முதுகிலுள்ள உருளை வடிவ அறைக்குள் திணித்துவிடுவார்கள். வேண்டும்போது கப்பல் மேலே வரும். விமானத்தைக் கோத்து, கவண் மாதிரியான பொறியில் வைத்து எறிவார்கள். திரும்பி வந்து கடலில் இறங்கினால் கிரேன் தூக்கிக்கொள்ளும். 340 குதிரைசக்தி எஞ்சின். இரண்டே பேர். மணிக்கு 250 கிலோமீட்டரைத் தொடுவதற்குள் மூச்சு வாங்கிவிடும்.

வேவு பார்ப்பதற்கென்றே பிறந்த விமானம். 1942 பிப்ரவரி, மார்ச்சில் ஐ-25 என்ற நீர்மூழ்கியிலிருந்து கிளம்பி சிட்னி, மெல்போர்ன், வெலிங்டன், ஆக்லாந்து என்று ஊர் ஊராக எட்டிப் பார்த்துவிட்டு வந்தது. ஓட்டியவர் நொபுவோ ஃபுஜிதா.

ஃபுஜிதாவுக்கு ஒரு யோசனை. இதில் குண்டு கட்டினால் என்ன? மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். (இதை மறந்துவிடாதீர்கள். 'உத்தரவு, செய்தேன்' என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாத மனிதர் அவர்.) அந்த ஏப்ரலில்தான் அமெரிக்க விமானங்கள் டோக்கியோவில் குண்டு போட்டிருந்தன. யோசனை பிடித்துப்போயிற்று. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் காடுகளைக் கொளுத்து, தீ ஊர்களுக்குள் பரவட்டும், ஜனங்கள் அலறட்டும் என்றார்கள்.

1942 செப்டம்பர் 9, காலை. ப்ரூக்கிங்ஸ் என்ற சிற்றூருக்கு அருகே, எமிலி மலைக் காட்டில் தலா 76 கிலோ எடையுள்ள இரண்டு தீக்குண்டுகளைப் போட்டார். மழை பெய்து காடு நனைந்து கிடந்தது. சின்னதாகப் புகைந்ததை வனக் காவலர்கள் அணைத்துவிட்டார்கள். 29-ம் தேதி மறுபடி வந்தார். அதுவும் வீண். யாரும் சாகவில்லை.

இருபது வருடம் கழித்து, 1962-ல், அதே ப்ரூக்கிங்ஸ் தன் பூத்திருவிழாவுக்கு ஃபுஜிதாவை விருந்தாளியாகக் கூப்பிட்டது! ஊரில் சிலர் எதிர்த்தார்கள்தான். அவரோ குடும்பத்தின் 400 வருடப் பழைய சாமுராய் வாளுடன் போனார். ஊர் தன்னை அவமதித்தால் அந்த வாளாலேயே வயிற்றைக் கிழித்துக்கொள்வதாகத் திட்டம். மகள் பின்னாளில் சொன்னது இது. அவமதிப்பு நடக்கவில்லை. வாளை ஊருக்கே பரிசாகக் கொடுத்துவிட்டு வந்தார்.

அழகான கதை, இல்லையா? ஆனால் எனக்கு ஓர் இடத்தில் இடிக்கிறது.

அதே ஓரிகனில் ப்ளை என்றொரு ஊர். 1945 மே 5-ம் தேதி பிக்னிக் போன ஒரு கர்ப்பிணியும் ஐந்து பிள்ளைகளும் காட்டில் கிடந்த ஏதோ ஒன்றை நெருங்கினார்கள். ஜப்பான் பறக்கவிட்ட பலூனில் வந்த குண்டு அது. ஆறு பேரும் போய்விட்டார்கள். இதன் நோக்கமும் காட்டை எரிப்பதுதான். 1942-ல் ப்ரூக்கிங்ஸில் இப்படி ஆறு பேர் செத்திருந்தால், ஃபுஜிதாவுக்கு அழைப்பிதழ் போயிருக்குமா?

மன்னித்தது மனிதர்களா, மழையா?

சின்ன வயதில் எதிர்வீட்டு மாடிக்குக் குறி வைத்து தீபாவளி ராக்கெட் விட்டவன் நான். கொடியில் காய்ந்த ஈரத் துண்டில் மோதி அணைந்தது. இன்று அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறேன். துண்டு உலர்ந்திருந்தால் சிரிப்பேனா? உங்களிடமும் இப்படி ஒரு ஈரத் துண்டுக் கதை இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

அந்த பலூன்களுக்குக் காகிதம் ஒட்டியவர்களில் ஏராளமானோர் ஜப்பானியப் பள்ளி மாணவிகள். ஒட்டச் சொன்னார்கள், ஒட்டினார்கள். அவர்களில் சிலர், நடுவயதைத் தாண்டியபின், 1987-ல் ஆயிரம் காகிதக் கொக்குகள் செய்து ப்ளை குடும்பங்களுக்கு அனுப்பி வைத்தார்கள். மனதறிந்து கொளுத்தப் போனவர் கணக்கில் சாவு பூஜ்யம். பசை தடவிய சிறுமிகள் கணக்கில் ஆறு. பி.காம். படித்த எனக்கு இந்தக் கணக்கை நேர்செய்யத் தெரியவில்லை.

ஆனால் ஃபுஜிதா அந்தப் பூஜ்யத்தை ஒப்புக்கொள்ளவில்லை என்றே நினைக்கிறேன். ஊர் வாராக்கடன் என்று தள்ளுபடி செய்துவிட்டது. அவர் மட்டும் தவணை கட்டிக்கொண்டே இருந்தார். 1985-ல் ப்ரூக்கிங்ஸ் மாணவிகள் மூன்று பேரைத் தன் செலவில் ஜப்பானுக்கு வரவழைத்தார். ஊர் நூலகத்தில் குழந்தைகள் புத்தகம் வாங்கப் பணம் கொடுத்தார். 1992-ல், எண்பது வயதில், குண்டு விழுந்த இடத்துக்கே போய் ஒரு செம்மரக் கன்று நட்டார்.

1997-ல் காலமானார். அடுத்த வருடம் மகள் அவருடைய அஸ்தியில் கொஞ்சம் எடுத்துவந்து எமிலி மலையில், அதே இடத்தில் சேர்த்தார்.