விரும்பி ஏற்ற துன்பமும் விதிக்கப்பட்ட துன்பமும்

மனிதன் அனுபவிக்கும் துன்பங்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. தானாக விரும்பி ஏற்றுக்கொண்ட துன்பம் ஒன்று. பிறந்த இடத்தாலும் பிறந்த நிலையாலும் தலைமேற் சுமத்தப்பட்ட துன்பம் மற்றொன்று. முன்னையது பெருமை தருவது. பின்னையது மனிதனைச் சிறுமைப்படுத்துவது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் நல்லுள்ளம் படைத்தோரிடமும் காணப்படுகிறது. இமயமலையின் உயர்ந்த பள்ளத்தாக்குகளைத் துவிச்சக்கரவண்டியிற் கடந்து செல்வோரின் அனுபவம் இதற்குத் தக்க சான்றாகும்.

லடாக்கின் தென்பகுதியில் உள்ளது சன்ஸ்கார்ப் பள்ளத்தாக்கு. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3500 மீற்றர் உயரத்திலுள்ள அதன் தலையூராகிய பதுமுக்குக் கார்கிலிலிருந்து வாகனப்பாதை வந்து சேர்ந்ததே 1980 ஆம் ஆண்டளவிற்றான். தெற்கே ஷின்கு லா கணவாயோ 5000 மீற்றருக்கும் உயர்ந்தது. மூச்சுத் திணற வண்டியை உருட்டிக்கொண்டு அக்கணவாயைக் கடக்கும் பயணி, மறுபுறம் இறங்கும்போது வாற்கோதுமை வயல்களையும், மண்கல்லாற் கட்டிய தட்டைக்கூரை வீடுகளையும், கூரைமீது மாரிக்கென அடுக்கிய தீவனத்தையும் காண்கிறார். தேநீர் கொடுத்து உபசரிக்கும் மக்களைக் காண்கிறார். “இவ்வூர் என்றும் இப்படியே இருந்துவிடலாகாதா?” என்று அவர் உள்ளம் ஏங்குகிறது. அவ்வேக்கத்தை எள்ளி நகையாடுவது என் நோக்கமன்று. பயணக் குறிப்புகளை வாசிக்கையில் எனக்கும் அது தோன்றியதுண்டு. தோன்றியதனாலேயே அதனை ஆராய வேண்டியவனாகிறேன்.

பயணி காண்பது கோடைகாலத்துச் சன்ஸ்காரை. மாரியிற் கணவாய்கள் பனியால் மூடுண்டு, அப்பள்ளத்தாக்கு பல மாதங்கள் வெளியுலகத் தொடர்பற்றுக் கிடந்தது. உறைந்துபோன சன்ஸ்கார் ஆற்றின் பனிக்கட்டியே அப்போது லே பக்கம் செல்லும் பாதையாயிற்று. தந்தையர் தம் பிள்ளைகளை அப்பனிக்கட்டியின்மேல் நாட்கணக்கில் நடத்திச் சென்றே தூரத்துப் பள்ளிக்கூடங்களிற் சேர்த்தனர். பின்னர் அதே பாதை, பணம் கொடுத்து நடப்போரின் துணிகரப் பயணமாகவும் ஆயிற்று. பனிக்கட்டி ஒன்றே, குளிரும் ஒன்றே. ஒருவர் தம் ஆற்றலைச் சோதித்தறிய நடக்கிறார். மற்றவர் தம் பிள்ளை எழுத்தறிய வேண்டுமென்பதற்காக நடக்கிறார். முதல்வருக்குத் திரும்பிச் செல்ல ஓர் ஊர் உண்டு. மற்றவருக்கோ அதுவே ஊர்.

அவ்வூரவர் பாதையைப் பற்றி என்ன எண்ணினர்? சுல்திம் சொன்ஜோர் என்னும் சன்ஸ்கார்த் துறவியின் செயலே இதற்கு விடை. உடைமை துறந்தவர் எனக் கருதப்படும் அவர், தம் சொத்துக்களை விற்று மண் அகழும் இயந்திரம் வாங்கி, ஷின்கு லாவைக் கடந்து கர்க்யக் கிராமம் வரை 38 கிலோமீற்றர் பாதை வெட்டுவித்தார். 2021 ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. பழமை மாறாதிருத்தல் வேண்டுமென வெளியூர்ப் பயணி விரும்பிய அதே மலையில், பழமையின் பிரதிநிதியாகிய துறவியே பாதை வெட்ட முன்வந்தார் என்பது சிந்திக்கத்தக்கது.

அவ்வாறாயின் பாதை வந்ததும் எல்லாம் நலமாகிவிடுமா? அப்படிக் கூறுவதும் மயக்கமே. எல்லைப்புறப் பாதைகளை அரசுகள் அமைப்பது மக்கள் நலங்கருதி மட்டுமன்று, படை நகர்வதற்காகவுமாம். பாதைவழியே வைத்தியர் வருவார். அதே வழியே இளைஞர் வெளியேறுவர். மரபு என்பதும் ஒரே நிறமுடையதன்று. மூத்த மகனே வீட்டையும் நிலத்தையும் பிரிவின்றிப் பெற, இளையோர் பலருக்குத் துறவுமடமே புகலிடமாயிருந்தது பழைய வழக்கம். ஆயினும், ஓடை நீரை முறைவைத்துப் பங்கிட ஊரவரே ஒருவரை நியமிக்கும் வழக்கமும், பிறப்பிலும் இறப்பிலும் சில குடும்பங்கள் ஒன்றுக்கொன்று துணைநிற்கும் ஒழுங்கும் அதே மரபின் கூறுகளே. எதைக் காப்பது, எதைக் களைவது என்று தீர்மானிக்கும் உரிமை அங்கு மாரியையும் கழிப்பவர்க்கே உரியது.

அன்றியும், வெளியுலகம் தீண்டாத கிராமம் என்பதே இன்று ஒரு கற்பனை. சன்ஸ்காரின் கூமிக் கிராமத்தவர், மேலே பனி குறைந்து ஓடை வற்றியமையால், தம் பழைய ஊரைவிட்டுக் கீழ்நிலத்திற் குடியேறக் கால்வாய் வெட்டலாயினர். பாதை வருமுன்பே தொலைநாடுகளின் தொழிற்சாலைப் புகை அவர்களின் வயலைத் தீண்டிவிட்டது. அவ்வூரின் அழகைக் காண ஆகாயவிமானத்தில் வருவோரும் அப்புகையிற் பங்குடையோரே.

துவிச்சக்கரவண்டி ஒரு நல்ல ஆசிரியன். மெல்லச் செல்வதால் வயலில் நிற்பவரின் முகத்தைக் காணவும், அவருடன் பேசவும் அது வாய்ப்பளிக்கிறது. ஆனால், கண்டமை தீர்ப்பளிக்கும் அதிகாரம் ஆகாது. மலையேறிய களைப்பு உண்மையானதே. அது ஒரு பருவத்துக் களைப்பு. பிறர் வாழ்நாள் முழுதும் சுமக்கும் பாரத்தை அழகெனப் போற்றி, அது இறக்கப்படலாகாது என விரும்பும் அன்பு, அன்பின் வடிவில் வந்த தன்னலமேயாகும். அப்பாரத்தை இறக்க முனைவோரின் பக்கம் நிற்பதே அவர்கள் கொடுத்த தேநீருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன்.