கல்லும் குடியும்

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலைப் பற்றி 1855ஆம் ஆண்டில் வெளியான குறிப்பொன்று, பழஞ்சின்னங்களைப் பேண நினைக்கும் ஒவ்வொருவரும் நெஞ்சில் இருத்த வேண்டிய செய்தியைச் சொல்கிறது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை எழும்பியபோது, முதலாம் இராசேந்திரன் எடுப்பித்த அக்கோயிலின் திருமதிலும் சிற்பங்கள் செறிந்த கருங்கற்களும் அணை வேலைக்கெனப் பெயர்த்தெடுக்கப்பட்டன. அதைத் தடுக்க அவ்வூர் ஏழை மக்கள் தம்மால் இயன்றமட்டும் முயன்றார்கள். முயன்றதற்கு அவர்கள் கண்ட பலன், அவமதிப்புக் குற்றத்துக்கான தண்டனை. கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சர்க்கார் கொடுத்த வாக்கும் காற்றோடு போயிற்று.

அணையால் விளைந்த நன்மையை மறுப்பது நியாயமன்று. கீழணையில் தேங்கும் நீரே வடவாற்றின் வழியே வீராணம் ஏரியை நிரப்புகிறது. வடக்கு ராஜன், தெற்கு ராஜன் வாய்க்கால்களில் ஓடி நடவு வயல்களை நனைக்கிறது. அன்னத்தைப் பிரம்மமெனப் போற்றிய மரபில் வந்தவர்கள், மதிற்கல் உலையரிசியாக மாறியதை முற்றிலும் பாவமென்று சொல்லத் துணிய மாட்டார்கள். ஆயினும், தலைமுறை தலைமுறையாக அந்த மதிலின் நிழலில் வாழ்ந்தவர்களின் சம்மதத்தைக் கேட்பதற்குப் பதிலாக அவர்களைக் குற்றவாளிகளாக நிறுத்திய அதர்மத்தை, எத்தனை போகம் விளைந்தாலும் அந்த விளைச்சல் கழுவிவிடாது.

இன்று அபாயம் வேறு திசையிலிருந்து வருகிறது. 1958ஆம் ஆண்டின் புராதனச் சின்னங்கள் சட்டமும் அதற்கு 2010இல் செய்யப்பட்ட திருத்தமும், மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டடத்தைத் தடுக்கின்றன. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். நோக்கம் உயர்ந்தது, விமானத்தின் அருகே அடுக்குமாடி எழுவதை யார்தாம் விரும்புவர்? ஆனால் மகனுக்குக் கல்யாணமாகி வீட்டில் ஓர் அறை கூட்டிக் கட்ட நினைக்கும் குடியானவனுக்கும், ஒழுகும் கூரையை மாற்ற விண்ணப்பம் எழுதிக் காத்திருக்கும் கிழவிக்கும், அந்தக் கோயில் தங்கள்மேல் விழுந்த ஒரு பாரமாகத் தோன்றத் தொடங்குமானால், நாம் கல்லைக் காத்து அதன் காவலர்களை இழந்தவர்களாவோம்.

அங்ஙனமாயின் புராதன ஸ்தலம் யாருக்குச் சொந்தம்? சிவன் சொத்து குலநாசம் என்று அஞ்சி ஒதுங்கினால் இக்கேள்விக்கு விடை கிடைத்துவிடாது. மெய்கண்டார் தம் சிவஞானபோதத்தின் இறுதிச் சூத்திரத்தில், மெய்யடியாரின் திருவேடத்தையும் ஆலயத்தையும் ஒரே நிறையில் வைத்து, இரண்டையும் சிவமெனவே தொழச் சொல்கிறார். ஆலயத்துக்காக அடியாரைத் தள்ளுவதோ, அடியாருக்காக ஆலயத்தைக் கைவிடுவதோ அந்தச் சூத்திரத்தைப் பாதியாக வெட்டுவதேயாகும். கொள்ளிடக்கரை ஆதனூரின் நந்தனார் திருப்புன்கூரில் வாயிலுக்கு வெளியே நின்றபோது, விலகியது கல் நந்தி. அவரை உள்ளே விடாத வழக்கத்தின் கொடுமை கொடுமையே. எனினும் மனிதன் கல்லுக்கு வழிவிட வேண்டும் என்று இறைவன் கட்டளையிடவில்லை என்பதை விலகிய அந்த நந்தி இன்றும் நமக்கு உணர்த்துகிறது.

அரசனும் இதை அறியாதவனல்லன். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் விட்ட ஊர்களைப் பட்டியலிடும் சாசனங்கள், அவ்வூர்களின் நத்தம், குளம், ஊடறுத்தோடும் வாய்க்கால் இவற்றோடு கம்மாணச்சேரியையும் பறைச்சேரியையும் சுடுகாட்டையும் எடுத்தெண்ணி, அந்நிலத்துக்கு இறை இல்லை என்று கழித்துவிடுகின்றன. சமத்துவம் அந்நாளில் நிலவியதென்று இதற்குப் பொருளில்லை. ஆனால் கோயிலுக்குரிய வருவாயைக் கணக்கிட்ட அதே கை, மனிதர் குடியிருக்கும் மண்ணும் எரியும் மண்ணும் அக்கணக்குக்கு அப்பாற்பட்டவை என்று ஒதுக்கி எழுதியது.

ஊரார் ஒதுங்கியிருந்தால் ஆராய்ச்சியே வறண்டுவிடும். உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், மாளிகைமேடு என்று அழிந்த தலைநகரின் வரைபடத்தை நாவிலேயே சுமந்து வந்தவர்கள் அவர்கள்தாம். மாளிகைமேட்டில் தொல்லியல் துறையினர் தோண்டிச் செங்கற்சுவரையும் கூரை ஓடுகளையும் சீனப் பீங்கான் துண்டுகளையும் கண்டதற்கு நெடுங்காலம் முன்பே, அங்கே அரண்மனை இருந்ததென்பது அந்தப் பெயரில் பத்திரமாயிருந்தது.

ஆஸ்திரேலியாவில் உலுரு என்னும் புனிதப் பாறை 1985இல் அனங்குப் பூர்வகுடிகளுக்கே உரிமையாகத் திருப்பியளிக்கப்பட்டது. அவர்கள் அதை அரசுக்குக் குத்தகைக்கு விட்டு, நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையாக அமர்ந்தார்கள். 2019இல் பாறைமீது ஏறுவது அவர்கள் விருப்பப்படியே நிறுத்தப்பட்டது. காவிரி நாட்டிலும் இது இயலாததன்று. அகழ்வதற்கு முன் அரசு கிராம சபையைக் கூட்டி உரைக்கட்டும். வீட்டைப் பழுதுபார்க்கும் அனுமதியை அந்தந்த வட்டாரத்திலேயே விரைந்து வழங்கட்டும். இடம்பெயர நேர்ந்தால், மாற்று மனை கையில் வந்த பிறகே பழைய வீட்டைத் தொடட்டும். புராதனத்தைப் போற்றுவது இறந்தோர்க்கு நாம் ஆற்றும் கடமை என்றால், அக்கடமைக்கான செலவை இருப்போரில் மிக எளியவர் தலையில் கட்டாமல் நாம் அனைவரும் பகிர்ந்து ஏற்பதே தர்மம்.