நிலத்தடி நீர் ஓர் அமானிதம்



பூமியிலுள்ள தண்ணீரில் நூற்றுக்கு 97 பங்கு உப்புநீர். எஞ்சிய நன்னீரிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பனிக்கட்டி. மீதியில் பெரும்பகுதி மண்ணுக்கடியில்தான் இருக்கிறது. நம் பேரையூர்ப் பக்கம் அடியில் கடும்பாறை. அதன் வெடிப்புகளில் மழைநீர் இறங்கித் தங்கினால்தான் போரில் தண்ணீர் வரும்.

அந்த நீர் எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டால் மீட்டுத் தர யார் இருக்கிறார் என்று சூரா அல்முல்கின் கடைசி வசனம் (67:30) நம்மைக் கேட்கிறது.

நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' தண்ணீரில், அதாவது இரு கைகள் நிறைய அள்ளும் அளவில், உளூச் செய்தார்கள் (புகாரி, முஸ்லிம்). நாமோ குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டு நிற்கிறோம்!

இன்று அஸர் உளூவிலேயே குழாயைக் குறைத்துத் திறங்கள். மாடியில் விழும் மழைநீரைச் சாக்கடைக்கு விடாமல் குழிவெட்டி மண்ணுக்குள் இறக்குங்கள். நம் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய அமானிதம் அது.

அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.