கண்ணாடியும் சாட்சியமும்

44ஆவது வயதில் முதன்முறையாக மூக்குக் கண்ணாடி அணிந்தேன். சாரதி அனுமதிப் பத்திரத்துக்கான வைத்தியப் பரிசோதனையில், சுவரில் தொங்கிய எழுத்துப் பலகையின் மூன்றாவது வரிக்குக் கீழே என்னால் வாசிக்க முடியவில்லை. "இவ்வளவு காலமும் என்னெண்டு சமாளிச்சனீங்கள்?" என்று வைத்தியர் கேட்டார். சமாளித்ததாகவே எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் உலகம் இப்படித்தான் தெரிகிறது என்று நினைத்திருந்தேன்.

குறும்பார்வை வலிப்பதில்லை. கண்கோளம் சற்று நீண்டிருந்தால் தூரப் பொருளின் விம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. குழிவில்லையொன்றை முன்னால் வைத்தால் அது பின்னே நகர்ந்து உரிய இடத்தில் விழுகிறது. விஷயம் இவ்வளவுதான். ஆனால் குறையுள்ளவனுக்கு அந்தக் குறையைக் காட்டக்கூடிய கருவியும் அதே கண்தான். அதனால் அவன் தானாக அதை அறிவதில்லை.

முதல் வாரம் பெரும் சங்கடமாக இருந்தது. தரை வளைந்து தெரிந்தது. பள்ளிவாசல் படியில் காலைத் தேவைக்கு மேல் உயர்த்தி வைத்துத் தடுமாறினேன். வுழூச் செய்யக் கழற்றியதை ஹவ்ளுக் கட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தேன். ஸுஜூதில் கண்ணாடி விரிப்பில் இடித்தது. மாலையானால் தலையிடி. கண்ணாடிக் கடைக்காரர், "பத்து நாள் பொறுங்கோ, பழகிடும்" என்றார். அப்படியே பழகியும் விட்டது.

இந்தப் பழக்கம்தான் என்னை யோசிக்க வைத்தது. 1890களில் ஜோர்ஜ் ஸ்ட்ராட்டன் என்ற அமெரிக்க உளவியலாளர், உலகைத் தலைகீழாகக் காட்டும் வில்லைகளை நாட்கணக்கில் அணிந்து பார்த்தார். ஆரம்பத்தில் எதையும் ஒழுங்காக எடுக்க முடியாமல் திண்டாடியவர், ஒரு வாரத்துக்குள் அதனோடு நடமாடப் பழகிக்கொண்டார். மனித மனம் தனக்குக் கொடுக்கப்பட்டதோடு ஒத்துப்போகிறது. அது நேரானதா, தலைகீழானதா என்று கேட்டுக்கொண்டிருப்பதில்லை. அப்படியானால் ஒரு காட்சி எனக்குப் பழகிவிட்டது என்பது அது சரியானது என்பதற்கு அத்தாட்சியாகாது. நானும் ஒரு காட்சியோடு முப்பது வருடங்களுக்கு மேலாகப் பழகியிருந்தேன்.

1990 ஒக்டோபர் 30. அப்போது எனக்குப் பதினொரு வயது. யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கையில், தெருவின் அந்தத் தொங்கலில் இருந்த ஒரு வீட்டுப் படலையைத் திரும்பிப் பார்த்தேன். அது என் வகுப்புத் தோழனின் வீடு. தமிழ்ப் பையன். கரும்பலகை எனக்குத் தெளிவாகத் தெரியாததால் அவனுடைய கொப்பியைப் பார்த்துத்தான் எழுதுவேன். அவன் ஒருநாளும் ஆசிரியரிடம் கோள் சொன்னதில்லை. அன்று அவன் படலையடியில் நின்றான். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இதைப் புத்தளத்து முகாமில் கூட்டாளிகளுக்குச் சொன்னேன். இரண்டு கூட்டங்களில் மேடையேறிச் சொன்னேன். என் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவனுடைய முகம் எனக்கு அப்படியே தெரிந்தது.

கண்ணாடி பழகிய பிறகு ஒருநாள் அந்தத் தெருவில் நின்று எட்டுப் போட்டு அளந்தேன். அன்று நான் நின்ற இடத்திலிருந்து அந்தப் படலை அறுபது எட்டுக்கு மேல். இப்போது அங்கே வேறு யாரோ இருக்கிறார்கள். ஒருவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றினேன். ஆள் நிற்பது தெரிந்தது. என்னைப் பார்க்கிறாரா, முதுகைக் காட்டி நிற்கிறாரா என்பது தெரியவில்லை. பதினொரு வயதில் என் பார்வைக் குறை எவ்வளவு இருந்திருக்கும் என்று இன்று அளக்க முடியாது. ஆனால் கரும்பலகை தெரியாத கண்ணுக்கு அந்த முகம் தெரிந்திருக்காது.

அப்படியானால் நான் கண்டது எதை? பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம், 11ஆம் நூற்றாண்டில் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' என்ற நூலில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழைய கருத்தை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்று நிறுவியவர் அவர். காண்பதில் பெரும்பகுதி கண்ணின் வேலையல்ல, நாம் உணராத வேகத்தில் மனம் செய்யும் அனுமானம் என்றும் விளக்கினார். பார்வை பிழைக்காதிருக்க எட்டு நிபந்தனைகளையும் வகுத்தார். தூரம் அளவுக்கு மிஞ்சக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. கண் ஆரோக்கியமாக இருக்கவேண்டும் என்பது இன்னொன்று. அன்று என்னிடம் இரண்டுமே இருக்கவில்லை. மங்கலான ஓர் உருவத்துக்கு என் வேதனைதான் முகம் வரைந்திருக்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். இதைச் சாட்டாக வைத்து எங்கள் சமூகத்தின் நினைவே மங்கல் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. வடக்கிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் விரட்டப்பட்டதற்கு என் கண் சாட்சியாக வேண்டியதில்லை. அது காதால் கேட்ட கட்டளை, உடலால் அனுபவித்த அகதி வாழ்க்கை. வெளியேற்றியவர்களே 2002 ஏப்ரலில் கிளிநொச்சிச் செய்தியாளர் மாநாட்டில் அதற்காக வருத்தம் தெரிவித்தார்கள். அந்த அநீதியின் எந்தப் பகுதியும் என் கண்ணாடியால் குறைந்துவிடவில்லை.

ஆனால் பெரிய அநீதிக்கு ஆளானவன் என்பதால், சிறிய விஷயத்தில் பிழையாகச் சாட்சி சொல்லும் உரிமை எனக்குக் கிடைத்துவிடுமா? இதுதான் என் கேள்வி. ஒருவரின் செயலுக்குச் சாட்சி சொல்ல அதை நேரில் கண்டிருக்க வேண்டும் என்கின்றன நாம் பின்பற்றும் ஷாபிஈ சட்டநூல்கள். ஸூரத்துல் ஹுஜுராத் பிறரைப் பற்றிய வீண் எண்ணங்களை விலக்கச் சொல்கிறது. பாதிக்கப்பட்டவனுக்கு இவற்றில் விதிவிலக்கு இருப்பதாக நான் படிக்கவில்லை. எங்கள் சாட்சியம் உலகத்தின் முன் எடுபடவேண்டுமானால் அதில் நாங்கள் காணாதது கலந்திருக்கக்கூடாது என்பது நடைமுறைக் காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்தப் பையனுக்கும் ஒரு ஹக்கு இருக்கிறது.

அவன் உண்மையிலேயே முகத்தைத் திருப்பியும் இருக்கலாம். ஆயுதம் தாங்கியவர்கள் நின்ற தெருவில் பதினொரு வயதுப் பிள்ளை வேறென்ன செய்திருக்க முடியும் என்று இன்று நினைக்கிறேன். ஒருவேளை அழுதுகொண்டு நின்றானோ, கை காட்டினானோ அதுவும் எனக்குத் தெரியாது.

பிள்ளைகளை இருத்திக் கதையைத் திருத்திச் சொன்னேன். "அப்ப அவர் உங்களைப் பாத்தவரா வாப்பா?" என்று கேட்டாள் சின்னவள். தெரியாது என்றேன். அவனுடைய குடும்பம் வெளிநாட்டில் இருப்பதாகக் கேள்வி. விலாசம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் மன்னிப்பதாக எழுதப்போவதில்லை. அன்றைக்கு நீ எதைப் பார்த்தாய் என்று மட்டும் கேட்டு எழுதுவேன்.